எபோலா நோயாளிக்கு எந்த மருந்தை ஏற்றுவது?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் ஒரு சிற்றூரிலிருந்து காய்ச்சலும் வாந்தியுமாக வந்த ஒருவருக்கு எபோலா என்று ஆய்வகம் உறுதிசெய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு எந்த மருந்தைக் கொடுப்பது என்ற கேள்விக்கு 2019ஆம் ஆண்டுவரை எந்த மருத்துவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட அதுவரை கிடையாது. அதன்பின் நிலைமை மாறியது. இன்மாசெப், எபாங்கா என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரிலும் டிசம்பரிலும் அடுத்தடுத்து ஒப்புதல் அளித்தது. 2022 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் உறுதியாகப் பரிந்துரைத்ததோடு, அவற்றோடு களத்தில் சோதிக்கப்பட்ட ரெம்டெசிவிர், ஸீமாப் ஆகிய இரண்டையும் தவிர்ப்பது நல்லது என்றும் சொன்னது. ஆகவே சிகிச்சை மையத்தின் பொறுப்பு மருத்துவருக்கு இப்போது தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. இரண்டில் எது மேல், ஒதுக்கப்பட்ட இரண்டுக்கும் இனி இடமே இல்லையா, மருந்துக்கு அப்பால் எதில் ஆளையும் பணத்தையும் செலவிடுவது என்பவற்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: ஒப்புதல் பெற்ற இரண்டு மருந்துகளுக்கும் இடையிலான வேறுபாடு சிறியது, நோய் கண்ட முதல் நாளில் ஏற்றுவதற்கும் ஐந்தாம் நாளில் ஏற்றுவதற்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது.

எபாங்காவின் கதை 1995இல் காங்கோவின் கிக்விட் நகரில் தொடங்குகிறது. அந்த ஆண்டு அங்கே 315 பேரைத் தாக்கிய எபோலா, அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பலிகொண்டது. பரவல் ஓயும் தறுவாயில், காங்கோ மருத்துவர் ஜான்-ஜாக் முயெம்பேயும் அவருடைய சகாக்களும், நோயிலிருந்து பிழைத்தவர்களின் இரத்தத்தை எடுத்து எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். எட்டில் ஏழு பேர் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத இணைக்குழு எதுவும் இல்லாததால், அவர்கள் எப்படியும் பிழைத்திருக்கக்கூடியவர்களே என்று பலர் அதை ஒதுக்கிவைத்தார்கள். விமரிசனம் முறையானதுதான். ஆனாலும் பிழைத்தவரின் இரத்தத்தில் மருந்து இருக்கிறது என்ற எண்ணம் முயெம்பேயை விட்டு நீங்கவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரிடம் பதினோரு ஆண்டுகள் கழித்து எடுத்த இரத்தத்திலிருந்து, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் பிரித்தெடுத்த ஒற்றை எதிர்ப்பொருளே (கிருமியைப் பற்றி முடக்க உடல் உருவாக்கும் புரதம்) எம்ஏபி114. அதுதான் இப்போது அன்சுவிமாப் என்ற பொதுப்பெயரிலும் எபாங்கா என்ற வணிகப் பெயரிலும் வழங்குகிறது. வைரஸ், உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தின் பற்றும் முனையை இது மறித்துக்கொள்கிறது.

இன்மாசெப் பிறந்த வழி வேறு. மனித எதிர்ப்பொருள்களை உருவாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளிடமிருந்து ரீஜெனரான் நிறுவனம் மூன்று எதிர்ப்பொருள்களைத் தேர்ந்தெடுத்து ஒரே கலவையாக்கியது. வைரஸ் புரதத்தின் மூன்று வெவ்வேறு இடங்களை அவை பற்றுகின்றன. மூன்றாவது போட்டியாளரான ஸீமாப்பும் மூன்று எதிர்ப்பொருள்களின் கலவைதான். அது புகையிலைக் குடும்பச் செடிகளில் வளர்த்தெடுக்கப்பட்டது. நான்காவதான ரெம்டெசிவிர் எதிர்ப்பொருள் அன்று. வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுப்பதைத் தடுக்கும் சிறு மூலக்கூறு. 2021இல் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இதற்காக மக்கள் வரிசையில் காத்துக்கிடந்ததைத் தமிழகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனாவுக்கு வருவதற்கு முன்பே அந்த மருந்து எபோலாவின் களத்தில் நின்றிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இந்த நான்கையும் ஒரே களத்தில் நிறுத்திப் பார்த்தது பாம் என்று அழைக்கப்படும் மருந்தாய்வு. கிஸ்வாஹிலியில் ‘சேர்ந்து உயிர்களைக் காப்போம்’ என்று பொருள்படும் தொடரின் சுருக்கம் அது. வடக்குக் கிவு, இத்தூரி மாகாணங்களில் 2018 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட எபோலா பரவல் 2020 ஜூனில் முடிவதற்குள் 3,470 பேரைத் தாக்கி 2,287 உயிர்களைக் குடித்தது. அந்தப் பரவலின் நடுவில், ஆயுதக் குழுக்களின் மோதல் ஓயாத ஒரு நிலப்பகுதியில், பெனி, புட்டெம்போ, கட்வா, மங்கினா ஆகிய ஊர்களின் சிகிச்சை மையங்களில் இந்த ஆய்வு 2018 நவம்பரில் தொடங்கியது. 2019 பிப்ரவரி இறுதியில் கட்வா மையமும் புட்டெம்போ மையமும் ஒரே வாரத்தில் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. ஆய்வு அதன் பிறகும் தொடர்ந்தது. 681 நோயாளிகள் சேர்க்கப்பட்டு, யாருக்கு எந்த மருந்து என்பது சமவாய்ப்பு முறையில் முடிவு செய்யப்பட்டது. அமைதியான நாடுகளின் பெரிய மருத்துவமனைகளிலேயே எளிதில் கைகூடாத ஒன்றைக் காங்கோவின் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தச் சூழலில் செய்துகாட்டினார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த நோய்க்கான மருந்தைப் பற்றி நமக்கு நம்பகமாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர்கள் திரட்டித் தந்தது.

2019 ஆகஸ்ட் 9 அன்று, இடைக்கால முடிவுகளைப் பார்த்த கண்காணிப்புக் குழு, ஸீமாப்பையும் ரெம்டெசிவிரையும் கொடுப்பதை நிறுத்திவிட்டு மற்ற இரண்டை மட்டும் கொடுக்கப் பரிந்துரைத்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதம் ரெம்டெசிவிர் பெற்றவர்களிடையே 53.1 சதவீதம்; ஸீமாப் பெற்றவர்களிடையே 49.7 சதவீதம், எபாங்கா பெற்றவர்களிடையே 35.1 சதவீதம், இன்மாசெப் பெற்றவர்களிடையே 33.5 சதவீதம்.

இந்த நான்கு எண்களை மேலோட்டமாகப் படிப்பவருக்கு இன்மாசெப்பே முதலிடம் என்று தோன்றும். அப்படிப் படிப்பது தவறு. இன்மாசெப் ஆய்வின் தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை. சில வாரங்கள் கழித்தே அது சேர்ந்தது. எனவே அதைப் பெற்ற 155 பேரை, அதே காலத்தில் ஸீமாப் பெற்ற 154 பேரோடு மட்டுமே ஒப்பிட்டார்கள். அந்த 154 பேரில் இறந்தவர்கள் 51.3 சதவீதம். எபாங்கா பெற்ற 174 பேருக்கு ஒப்பீடு, ஸீமாப் பெற்ற 169 பேர் முழுவதும். ஆக இரண்டு மருந்துகளும் ஸீமாப்பை வென்றன என்பதை ஆய்வு காட்டியதே தவிர, ஒன்று மற்றொன்றை வென்றதாகக் காட்டவில்லை. அதைக் கண்டறிவதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை.

வைரஸ் சுமையைக் கொண்டு பிரித்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தவர்களில் எபாங்கா பெற்றோரில் 9.9 சதவீதமும், இன்மாசெப் பெற்றோரில் 11.2 சதவீதமும் இறந்தார்கள். வைரஸ் மிகுதியாக இருந்தவர்களில் எபாங்கா பெற்றோரில் 69.9 சதவீதமும், இன்மாசெப் பெற்றோரில் 63.6 சதவீதமும் இறந்தார்கள். ஒரு குழுவில் இது சற்று முந்துகிறது, மறு குழுவில் அது முந்துகிறது. இத்தனை சிறிய எண்ணிக்கைகளில் இந்த அளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே வரலாம். முற்றிய நோயாளிக்கு இன்மாசெப், தொடக்க நிலையில் வந்தவருக்கு எபாங்கா என்று ஒரு விதியை இதிலிருந்து வடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்கள் அந்தச் சுமையைத் தாங்கா. ஆனால் இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் அறைகிறது. ஒரே மருந்து, ஒரே மையம், ஒரே செவிலியர். வைரஸ் குறைவாக இருக்கும்போது பத்தில் ஒருவர் இறக்கிறார், மிகுந்திருக்கும்போது பத்தில் ஆறேழு பேர் இறக்கிறார்கள்.

பலன் சமம் என்றால், தேர்வைத் தீர்மானிப்பது மருந்தறையும் படுக்கையும்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். எபாங்கா, கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஒரே முறை ஏற்றப்படுவது. அவருக்கு 3,000 மில்லிகிராம் வேண்டும். அது உலர்தூளாக, குப்பிக்கு 400 மில்லிகிராம் வீதம் வருகிறது. எட்டுக் குப்பிகளைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஊசிநீரைக் குப்பியின் உட்சுவர் வழியாக மெல்ல இறக்கி, குலுக்காமல் சுழற்றிச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரை எழும், புரதம் கெடும். எட்டும் கரைந்து தெளியக் காத்திருந்து, பிறகு உப்புநீர்ப் பையில் சேர்க்க வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். இன்மாசெப், மூன்று எதிர்ப்பொருள்களும் சேர்ந்து கிலோவுக்கு 150 மில்லிகிராம். அது திரவமாகவே வருகிறது, கரைக்கும் வேலை இல்லை. ஆனால் அதே நோயாளிக்கு 180 மில்லிலிட்டர் தேவைப்படும், 14.5 மில்லிலிட்டர் குப்பிகளில் பதின்மூன்று. ஏற்றும் நேரம் எடையைப் பொறுத்து 2 முதல் 4 மணி வரை நீளும்.

உள்ளே நிற்பவரின் நிலையிலிருந்து இந்த நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். முழுக் கவச உடை, இரட்டைக் கையுறை, வியர்வையில் மங்கும் கண்ணாடி என்று நிற்கும் செவிலியரால் வெப்பமண்டலப் பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம். நீரிழப்பால் சுருங்கிய கையில் நரம்பைத் தேடி ஊசி போடுவதற்கே அந்த நேரத்தில் பாதி போய்விடும். ஒரு மணி நேர மருந்து என்றால் ஒரே முறைப் பணியில் தொடங்கி முடிக்கலாம். மூன்று மணி நேர மருந்து என்றால் ஆள் மாற வேண்டும், நடுவில் நடுக்கமோ இரத்த அழுத்த வீழ்ச்சியோ வந்தால் கவனிக்க யாராவது இருக்க வேண்டும். ஆட்கள் குறைந்த மையத்துக்கு எபாங்கா வசதி. வெளியே மருந்தறையில் பயிற்சி பெற்றவர் இல்லாமல், உள்ளே போதிய ஆட்கள் இருக்கும் மையத்துக்குத் திரவமாக வரும் இன்மாசெப் வசதி. இரண்டுமே 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கப்பட வேண்டியவை என்பதால் குளிர்பதனத்தில் வேறுபாடு இல்லை. இரண்டும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த சிசுவுக்கும்கூட ஒப்புதல் பெற்றவை.

இன்மாசெப்புக்குச் சாதகமாக ஒரு வாதம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே இடத்தைப் பற்றும் ஒற்றை எதிர்ப்பொருளிடமிருந்து தப்ப வைரஸுக்கு அந்த ஓரிடத்தில் மாற்றம் நிகழ்ந்தால் போதும். மூன்று இடங்களில் பற்றும் கலவையிடமிருந்து தப்புவது கடினம். கொள்கையளவில் இது சரி. கிழக்குக் காங்கோவின் அதே பரவலில், தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எபோலா கண்டு, எம்ஏபி114 பெற்றுக் குணமாகி வீடு திரும்பி, ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் அதே நோயால் வீழ்ந்து இறந்தார். அவரிடமிருந்து தொடங்கிய சங்கிலியில் 91 பேர் நோயுற்றார்கள். இந்தச் செய்தியைப் படித்ததும் எபாங்காவின் மேல் ஐயம் எழுவது இயல்பு. ஆனால் எபோலா வைரஸ் பிழைத்தவர்களின் கண்ணிலும் விதைப்பையிலும் மூளையைச் சூழ்ந்த திரவத்திலும் மாதக்கணக்கில் ஒளிந்திருப்பது, இந்த மருந்துகளைப் பெறாதவர்களிடமும் அறியப்பட்டதுதான். ஒரு நிகழ்வைக் கொண்டு ஒரு மருந்தைத் தள்ள முடியாது. அதிலிருந்து மையத்தின் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு வேறு: எந்த மருந்தை ஏற்றியிருந்தாலும், வீடு திரும்பியவரை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடு சிகிச்சையின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

ஸீமாப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பரவலின் இறுதிக் கட்டத்தில் 72 பேரிடம் நடந்த ஆய்வில், அது பெற்றவர்களில் 22 சதவீதமும் பெறாதவர்களில் 37 சதவீதமும் இறந்தார்கள். நம்பிக்கை தந்த முடிவு, ஆனால் பரவல் ஓய்ந்து நோயாளிகள் கிடைக்காததால் உறுதியாகாமலே நின்றுவிட்டது. அதனாலேயே பாம் ஆய்வில் மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோலாக அது வைக்கப்பட்டது. மூன்று நாட்களுக்கொரு முறை என்று மூன்று முறை ஏற்ற வேண்டிய அந்த மருந்தை, ஒரே முறையில் முடிகிற, அதைவிடப் பலன் தருகிற இரண்டு இருக்கும்போது யாரும் நாட மாட்டார்கள்.

ரெம்டெசிவிரின் நிலை வேறு. இதுவரை பேசிய சயீர் வகை எபோலாவுக்கு அதைத் தனி மருந்தாகக் கொடுப்பதற்கு இப்போது நியாயமில்லை. பத்து நாட்கள் அல்லது அதற்கு மேலும் தினமும் ஏற்ற வேண்டியிருப்பது ஒருபுறம். வைரஸ் மிகுந்தவர்களில் அது பெற்றோரில் 85.3 சதவீதம் இறந்தார்கள் என்பது மறுபுறம். ஆனால் எபோலா என்பது ஒரே வைரஸ் அன்று. எபாங்காவும் இன்மாசெப்பும் சயீர் வகைக்கு மட்டுமே உரியவை. சூடான் வகைக்கோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த மார்பர்க் வைரஸுக்கோ அவை பயன்படா. 2022 செப்டம்பரில் உகாண்டாவின் முபெண்டேயில் வெளிப்பட்டது சூடான் வகை. ஆய்வகத்தில் உறுதியான 142 பேரில் 55 பேர் இறந்த அந்தப் பரவலில், ஒப்புதல் பெற்ற இரண்டு மருந்துகளும் கையில் இருந்தும் பயனற்றவை. அங்கே ரெம்டெசிவிரும், இன்னும் ஆய்வில் இருந்த எம்பிபி134 என்ற எதிர்ப்பொருள் கலவையும்தான் கொடுக்கப்பட்டன. படியெடுக்கும் நொதியைத் தாக்கும் மருந்து, வைரஸின் வெளிப்புரதம் எப்படி மாறியிருந்தாலும் வேலை செய்ய வாய்ப்புள்ளது. ஆகவே கிடங்கில் ரெம்டெசிவிர் இருப்பது நல்லது. கூடவே ஓர் எச்சரிக்கை: களத்தில் பரவலாகப் பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் எபோலாச் சோதனை சயீர் வகையை மட்டுமே கண்டறியும். அது ‘இல்லை’ என்று காட்டினால், நோய் எபோலாவே இல்லை என்று பொருளாகாது.

இனி நான்கு மருந்துகளின் பட்டியலில் இடம்பெறாத ஒன்றுக்கு வருகிறேன். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிகிச்சை பெற்ற 27 எபோலா நோயாளிகளில் இறந்தவர்கள் 18.5 சதவீதம். அவர்களில் பலர் சோதனை மருந்துகளைப் பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மருந்துகளில் எதுவும் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்கும் அளவுக்குப் பின்னர் நிரூபிக்கப்படவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை இழந்த நீரை அளந்து ஈடுசெய்தல், பொட்டாசியத்தைத் தினமும் பார்த்துத் திருத்துதல், சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ், மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் ஆகியவை. நம் ஊரில் டெங்கு வார்டில் பணிசெய்த எந்த மருத்துவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட மருந்தே இல்லாத ஒரு காய்ச்சலில், மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கவனித்து ஏற்றும் திரவம் உயிர் காப்பதை அவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறார்கள்.

2024 செப்டம்பரில் ருவாண்டாவில் மார்பர்க் வெளிப்பட்டபோது இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. கடந்தகாலப் பரவல்கள் சிலவற்றில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கொன்ற அந்த நோய், அங்கே 66 பேரைத் தாக்கி 15 உயிர்களோடு நின்றது. ரெம்டெசிவிரும் ஓர் எதிர்ப்பொருளும் கொடுக்கப்பட்டன. செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்ட இருவர் அதிலிருந்து மீண்டு குழாய் அகற்றப்பட்டார்கள், ஆப்பிரிக்காவில் மார்பர்க் நோயாளிகளுக்கு அது முதல்முறை. நோயாளிகளில் பெரும்பாலோர் இளம் மருத்துவப் பணியாளர்கள், விரைவில் கண்டறியப்பட்டவர்கள் என்பதால் மருந்தின் பங்கையும் கவனிப்பின் பங்கையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கவனிப்பு இல்லாமல் மருந்து மட்டும் இதைச் செய்திருக்கும் என்று யாரும் வாதிட முடியாது. காங்கோவில் அலிமா என்ற மருத்துவ உதவி அமைப்பு 2018இல் கொண்டுவந்த ‘கியூப்’ என்ற ஒளிபுகும் தனியறையை இந்த வரிசையில்தான் நான் வைக்கிறேன். அதன் சுவரில் பொருத்திய கையுறைகளில் வெளியிலிருந்தே கையை நுழைத்து, கவச உடையின்றி நோயாளிக்குச் சொட்டு ஏற்றலாம். ஒரு மணி நேரக் கெடு இல்லை. மறுபுறம் நிற்கும் தாயும் மகனும் நோயாளியின் முகத்தைப் பார்க்கலாம். உள்ளே போனவர் உயிரோடு திரும்ப மாட்டார் என்று அஞ்சி நோயாளியை மறைத்துவைத்த குடும்பங்களை மையத்தின் வாசலுக்குக் கொண்டுவர இதுவும் ஒரு வழியாயிற்று.

வாசலுக்கு வருவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பாம் ஆய்வில், அறிகுறி தோன்றி ஒரு நாளுக்குள் வந்தவர்களில் 19 சதவீதமும், ஐந்து நாட்கள் கழித்து வந்தவர்களில் 47 சதவீதமும் இறந்தார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் இறப்பின் சாத்தியத்தை 11 சதவீதம் கூட்டியது. இன்மாசெப்புக்கும் எபாங்காவுக்கும் இடையில் நாம் தேடிய வேறுபாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் காங்கோவின் ம்பண்டாக்கா நகரில் எபோலா வெளிப்பட்டது, சயீர் வகைதான். ஒப்புதல் பெற்ற இரண்டு மருந்துகளும் அப்போது உலகில் இருந்தன. முதல் நோயாளிக்கு ஏப்ரல் 5 அன்று அறிகுறி தோன்றியது. சிகிச்சை மையத்தில் சேர்க்கப்பட்டது ஏப்ரல் 21 அன்று. அன்றே அவர் இறந்தார். அந்தப் பரவலில் நோயுற்ற ஐந்து பேரும் இறந்தார்கள்.

ஆகவே ஒரு மையத்தின் பொறுப்பாளர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். இரண்டு மருந்துகளும் இருந்தால், உள்ளே ஆள் பலம் குறைந்த மையம் எபாங்காவை எடுக்கட்டும். மருந்தறை பலவீனமாக, படுக்கையருகே ஆட்கள் போதிய அளவில் உள்ள மையம் இன்மாசெப்பை எடுக்கட்டும். ஒன்று மட்டும் இருந்தால், மற்றொன்று விமானத்தில் வரும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சோதனை முடிவு கையில் வந்த இரவே ஏற்றத் தொடங்க வேண்டும். நரம்பு வழித் திரவமும் பொட்டாசியச் சோதனையும் அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நாட்டின் சுகாதார அமைச்சகம் கேட்டால், இரண்டு மருந்துகளுக்கும் பெரும் கையிருப்பு அமெரிக்காவில் இருப்பதை நினைவூட்டி, இருபது முப்பது பேருக்கு வேண்டிய அளவையாவது கின்ஷாசாவிலும், பரவல் திரும்பத் திரும்ப வரும் மாகாணங்களின் தலைநகரங்களிலும் முன்கூட்டியே குளிர்பதனத்தில் வைத்திருக்கச் சொல்வேன். எந்த மருந்து என்பதை விலையும் காலாவதித் தேதியும் தீர்மானிக்கட்டும். அதே வரவுசெலவில் மிஞ்சும் பணத்தைச் சிற்றூர்ச் சுகாதார நிலையங்களில் காய்ச்சல் நோயாளியின் இரத்தத்தை எடுத்து அன்றே ஆய்வகத்துக்கு அனுப்பும் மோட்டார் சைக்கிளுக்கும், அதன் பெட்ரோலுக்கும், அதை ஓட்டுபவரின் சம்பளத்துக்கும் ஒதுக்கச் சொல்வேன்.